‘எவ்வளவு ஆகும், டாக்டர்?’

? வீட்டுக்குப் புதிதாக ஒரு நாய்க்குட்டி வந்திருக்கிறது. நல்ல டாக்டரை எப்படிக் கண்டுபிடிப்பது?
- கல்லூரி மாணவி, திருச்சி

உங்கள் பகுதியில் யார் வீட்டில் வயதான நாய் இருக்கிறது என்று விசாரியுங்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயது வரை ஒரு நாயை நன்றாக வைத்திருப்பவரிடம் ஒரு டாக்டரின் பெயர் நிச்சயம் இருக்கும். பிறகு, குட்டி துள்ளி விளையாடிக்கொண்டிருக்கும்போதே அந்த டாக்டரிடம் ஒருமுறை போய் வாருங்கள். நடுராத்திரியில், வாந்தி எடுக்கும் குட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஓடும்போது யாரும் டாக்டரைத் தேர்ந்தெடுப்பதில்லை. எந்தக் கதவு திறந்திருக்கிறதோ அங்கே நுழைகிறோம்.

போன இடத்தில் கண்ணாடிக் கதவையும் ஏசியையும் பார்த்து மயங்காதீர்கள். குட்டியை எடை போட்டாரா என்று பாருங்கள். மருந்தின் அளவே எடையை வைத்துத்தான். உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்து, வயிற்றைத் தடவி, காய்ச்சல் பார்த்த பிறகு ஊசியை எடுக்கிறாரா, நுழைந்ததுமே எடுக்கிறாரா? என்ன ஊசி என்று கேட்டால் பெயரைச் சொல்கிறாரா? தடுப்பூசி 2 முதல் 8 டிகிரிக் குளிரிலேயே இருந்திருக்க வேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து, குப்பியின் மேலிருக்கும் ஸ்டிக்கரை உரித்து உங்கள் அட்டையில் ஒட்டி, தேதி போட்டுக் கையெழுத்திடுபவரை நம்பலாம். கால்நடை மருத்துவக் கவுன்சிலில் பதிவு பெற்றவர்தானா என்று பார்ப்பதும் உங்கள் உரிமை. பதிவெண்ணைக் கேட்டால் நல்ல டாக்டர் கோபிக்கமாட்டார்.

கடைசியாக ஒன்று கேளுங்கள்: “ராத்திரி ஏதாவது ஆனால் எங்கே போவது, டாக்டர்?” அவரே வரவேண்டும் என்பதில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு அவரிடம் ஒரு பதில் இருக்க வேண்டும்.

? செலவு எவ்வளவு ஆகும் என்று டாக்டரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. ‘இவருக்கு நாய்மேல் பாசம் இல்லை’ என்று நினைத்துவிடுவாரோ?
- தனியார் நிறுவன ஊழியர், கோவை

இந்தக் கூச்சத்தால் நாய்கள் சாகின்றன. நான் மிகைப்படுத்தவில்லை. பணத்தைப் பற்றி வாய் திறக்கத் தயங்குபவர், அடுத்த முறை ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று ஒரு நாள் தள்ளிப்போடுகிறார். அந்த ஒரு நாளில் நோய் முற்றுகிறது, செலவும் முற்றுகிறது. அல்லது முதல் நாளே எல்லாப் பரிசோதனைக்கும் தலையாட்டிவிட்டு, பில்லைப் பார்த்து மிரண்டு, மறுநாள் சிகிச்சைக்கு வராமலே போகிறார். பாதியில் நின்ற மருந்துக்குக் கொடுத்த காசும் வீண்.

நேராகச் சொல்லுங்கள்: “இன்று என்னால் இவ்வளவுதான் முடியும், டாக்டர். இதற்குள் முதலில் எதைச் செய்ய வேண்டும்?” வாய் பேசாத நோயாளியோடும் பணம் எண்ணிக் கொடுக்கும் சொந்தக்காரரோடும் தினமும் மல்லுக்கட்டுவதுதான் அவர்கள் தொழில். இந்தக் கேள்வி அவர்களுக்குப் புதிதல்ல. தொகை தெரிந்தால் அதற்கேற்ற வழியை யோசிப்பார்கள்.

எக்ஸ்-ரே, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்று பட்டியல் நீண்டால் இன்னொன்றும் கேளுங்கள்: “இதன் முடிவு வந்தால் நீங்கள் கொடுக்கும் மருந்து மாறுமா?” மாறும் என்றால் கடன் வாங்கியாவது எடுக்க வேண்டிய பரிசோதனை அது. மாறாது என்றால் இரண்டு நாள் பொறுக்கலாமா என்று பேசலாம். ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து, மருந்து மாத்திரை, தங்கும் கட்டணம், தையல் பிரிப்பது எல்லாம் சேர்த்துத் தோராயமாக ஒரு தொகையைத் தாளில் எழுதி வாங்குங்கள்.

? பூனைக்கு உடம்பு சுடுகிறது. நமக்குப் போடும் பாராசிட்டமாலில் கால் பங்கு கொடுக்கலாமா?
- இல்லத்தரசி, காரைக்குடி

கொடுக்காதீர்கள். கால் மாத்திரையே கொன்றுவிடும். அந்த மருந்தை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்குப் போதாது. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போகும், ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் வாசிப்பதை நிறுத்திவிட்டு ஆட்டோ பிடியுங்கள். என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நமது வலி மாத்திரைகளை, குறிப்பாக இபுப்ரோஃபென், டைக்லோஃபெனாக் இரண்டையும், நாய்க்கும் கொடுக்கக் கூடாது. குடல் புண்ணாகும், சிறுநீரகம் கெடும்.

? அரசு கால்நடை மருத்துவமனையை எங்கள் ஊரில் ‘மாட்டாஸ்பத்திரி’ என்றுதான் சொல்வார்கள். அங்கே நாயைக் கொண்டுபோகலாமா?
- மளிகைக் கடைக்காரர், ஒரத்தநாடு

தாராளமாக. அதிலும் உங்கள் ஊரிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறதே! நாமக்கல்லிலும் திருநெல்வேலியிலும் இருப்பவர்களுக்கும் அந்தப் பாக்கியம் உண்டு. சென்னையில் 1903-இல் தொடங்கிய கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது. நாயையும் பூனையையும் தூக்கிக்கொண்டு மக்கள் எங்கெங்கிருந்தோ அங்கே வருகிறார்கள். தனியாரில் கையைக் கடிக்கும் ஆபரேஷனும் ஸ்கேனும் இந்தக் கல்லூரி மருத்துவமனைகளில் குறைந்த கட்டணத்தில் நடக்கும். துறைவாரியாக அனுபவசாலிகள் இருப்பார்கள். மாணவர்கள் சூழ்ந்து நின்று பார்ப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஆசிரியர் கண்ணெதிரே நடக்கும் வைத்தியம் அது.

அங்கே நீங்கள் கொடுக்கும் விலை நேரம். காலையிலேயே போங்கள். தண்ணீர், கிண்ணம், பழைய போர்வை, கடிக்கிற நாய் என்றால் வாய்க்கூடு, பழைய சீட்டுகள் அத்தனையும் கொண்டுபோங்கள். சின்ன ஊரின் அரசு கால்நடை மருந்தகத்தில் வெறிநோய்த் தடுப்பூசியும் பூச்சி மருந்தும் விசாரியுங்கள். செப்டம்பர் 28, உலக வெறிநோய் தினத்தையொட்டிப் பல ஊர்களில் இலவசத் தடுப்பூசி முகாம்கள் நடக்கும். அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள்.

? பெண் நாய்க்குக் கருத்தடை செய்யலாம் என்றால், ‘ஒரு தடவையாவது குட்டி போடட்டும்’ என்கிறார் என் மாமியார்.
- ஆசிரியை, மதுரை

அத்தையின் மனசு புரிகிறது, அவர் கருணையோடுதான் சொல்கிறார். ஆனால் ஒருமுறை குட்டி போடுவதால் நாயின் உடம்புக்கு எந்த நன்மையும் இல்லை. கருத்தடை செய்யாத நாய்க்கு வயது ஏற ஏற, பருவம் முடிந்த சில வாரங்களில் கருப்பையில் சீழ் பிடிக்கும் அபாயம் உண்டு. குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கும், சோர்ந்து படுக்கும், வயிறு உப்பும். சில நாய்களுக்குச் சீழ் வெளியே வடியும். வடியாமல் உள்ளேயே தேங்குவது இன்னும் மோசம். அப்போதும் அதே கருப்பையைத்தான் எடுக்க வேண்டும். ஆனால் நல்ல உடம்பில் நிதானமாகச் செய்திருக்க வேண்டிய ஆபரேஷனை, விஷமேறிய உடம்பில் அவசரமாகச் செய்வார்கள். டிரிப், ஆன்டிபயாடிக், தங்கும் நாட்கள் என்று பில் பல மடங்காகும். சீக்கிரமே கருத்தடை செய்தால் மடிக்கட்டி வரும் வாய்ப்பும் வெகுவாகக் குறைகிறது. எந்த வயதில் செய்வது என்பது இனத்துக்கு இனம் மாறும், அதை டாக்டர் சொல்லட்டும். பிறக்கப்போகும் ஏழெட்டுக் குட்டிகளுக்கும் தடுப்பூசி போட்டு வீடு தேடித் தருவது யார் என்பதையும் அத்தையிடம் மெதுவாகக் கேளுங்கள்.

? உண்ணிக்கு மெல்லும் மாத்திரை எழுதித் தருகிறார் டாக்டர். விலை அதிகம். பவுடர் போதாதா?
- ஓட்டுநர், வேலூர்

இதற்குப் பொறுமையாகப் பதில் சொல்ல என்னால் முடியாது. எங்கள் வீட்டு நாய் உண்ணிக் காய்ச்சலில்தான் போனது. மே மாதம். இரண்டு நாள் சாப்பிடவில்லை. வெயிலுக்குத்தான் என்று நினைத்து மோர் ஊற்றி வைத்தேன். மூன்றாம் நாள் மூக்கில் ரத்தம். தூக்கிக்கொண்டு ஓடினேன். ஈறு வெள்ளைத் தாள் போல் இருந்தது. “முந்தாநாள் வந்திருக்கலாமே” என்றார் டாக்டர். அவர் கடிந்து சொல்லவில்லை, வருத்தமாகச் சொன்னார். அந்தச் சொல் இன்னும் என்னோடு இருக்கிறது.

நாயின் மேல் கண்ணுக்குத் தெரியும் உண்ணிகள் மொத்தத்தில் சிறு பங்குதான். வயிறு நிறைய ரத்தம் குடித்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் கதவு இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்க்கு மட்டும் பவுடர் தூவினால் சுவரிலிருந்து அடுத்த படை இறங்கும். மாத்திரை, மருந்தைப் பொறுத்து ஒரு மாதமோ மூன்று மாதமோ காக்கும். விலையை அத்தனை நாட்களால் வகுத்துப் பாருங்கள். கூடவே நாய் படுக்கும் இடத்து வெடிப்புகளைப் பூசி அடையுங்கள். மாத்திரைக்கு நிஜமாகவே வழியில்லை என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், விலை குறைந்த வேறு மருந்தை எடைக்கேற்ற அளவில் எழுதித் தருவார்.

காய்ச்சல் வந்தேவிட்டால், ஆரம்பத்திலேயே பிடித்தால் வழக்கமாகக் கொடுக்கும் டாக்ஸிசைக்ளின் விலை உயர்ந்த மருந்தல்ல. ஆனால் நாலு வாரம் போல விடாமல் கொடுக்க வேண்டும். பத்தாம் நாள் நாய் வாலாட்டிச் சாப்பிட்டதும் நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். இன்னொரு எச்சரிக்கை: நாய்க்கென்று விற்கும் பெர்மெத்ரின் கலந்த உண்ணி மருந்து பூனைக்கு விஷம்.

? என் கடுவன் பூனை நேற்றிலிருந்து மண்தட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுகிறது, கத்துகிறது. மலச்சிக்கலா?
- வாசகர், புதுச்சேரி

இந்த இதழ் கைக்கு வரும்வரை நீங்கள் காத்திருக்கவில்லை என்று நம்புகிறேன். கடுவன் பூனை முக்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சிறுநீர் அடைப்பு. ஓரிரு நாளில் உயிரையே எடுத்துவிடும். முதல் சில மணி நேரத்தில் போனால் பெரும்பாலும் குழாய் விட்டு அடைப்பை எடுத்துவிடலாம். தாமதமானால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நிற்கும்.

? நாய்க்கு இன்சூரன்ஸ் எடுப்பதா, அஞ்சலகத்தில் ஆர்.டி. போடுவதா?
- ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கும்பகோணம்

அஞ்சலக ஆர்.டி. 5 ஆண்டுக் கணக்கு. 3 ஆண்டு முடியாமல் மூட முடியாது. நாயின் நோய் அவ்வளவு நாள் காத்திருக்காது. நினைத்தபோது எடுக்கக்கூடிய தனிச் சேமிப்புக் கணக்கில் மாதாமாதம் ஒரு தொகையைப் போட்டு, வேறெதற்கும் தொடாமல் வையுங்கள். இன்சூரன்ஸ் எடுப்பதானால் கையெழுத்துக்கு முன் இவற்றைக் கேளுங்கள்: எந்த வயது வரை? ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு உண்டா? காத்திருப்புக் காலம் எவ்வளவு? தடுப்பூசி தவறினால் பணம் கிடைக்குமா?

? எங்கள் நாய்க்கு 14 வயது. இரண்டு சிறுநீரகமும் பழுது. டிரிப் ஏற்றிக்கொண்டே இருக்கிறோம், சேமிப்பு கரைந்துவிட்டது. நிறுத்தினால் பாவமா?
- வாசகி, தஞ்சாவூர்

பாவம் இல்லை, அம்மா. பதினான்கு வருஷம் பார்த்துக்கொண்டவர் நீங்கள்.

டாக்டரிடம் இப்படிக் கேளுங்கள்: “இது உங்கள் வீட்டு நாயாக இருந்தால் என்ன செய்வீர்கள்?” பரிசோதனைச் சீட்டில் இல்லாத பதில் அப்போது வரும். குமட்டலுக்கு மாத்திரை, வீட்டிலேயே தோலுக்கடியில் திரவம் ஏற்றுவது என்று செலவு குறைந்த வழிகள் உண்டு. உங்களுக்கே ஏற்றக் கற்றுத் தருவார்கள். காலண்டரில் தினமும் குறித்து வாருங்கள்: இன்று தானாக எழுந்ததா, ஒரு வாயாவது சாப்பிட்டதா, உங்கள் குரலுக்கு வால் அசைந்ததா? கெட்ட நாட்கள் நல்ல நாட்களைத் தாண்டும்போது, வலியில்லாமல் அனுப்பிவைக்கும் ஊசியைப் பற்றி டாக்டரிடம் நீங்களே பேச்செடுக்கலாம். வீட்டுக்கு வந்து போடுவாரா என்று கேளுங்கள், வருபவர்கள் இருக்கிறார்கள். அது வழக்கமாகப் படுக்கும் இடத்திலேயே, தலை உங்கள் மடியில் இருக்கட்டும்.