மாருதிக்கு ஒரு பந்தய விளக்கு

பந்தயக் காருக்கும் என் மாருதி 800-க்கும் பொதுவாக இருந்தவை மூன்று: நான்கு சக்கரம், ஒரு ஸ்டியரிங், ஓட்டுகிறவனுக்குத் தன்மேல் இருந்த அபார நம்பிக்கை. நான்காவதாக ஒரு ஷிஃப்ட் லைட்டையும் சேர்த்துவிட்டால் இரண்டுக்கும் வித்தியாசம் வெகுவாகக் குறைந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

ஷிஃப்ட் லைட் பெரிய சமாச்சாரம் இல்லை. எஞ்சின் குறிப்பிட்ட சுற்று வேகத்தைத் தொட்டதும் பளிச்சென்று எரிந்து, 'அடுத்த கியருக்குப் போ' என்று சொல்லும் விளக்கு, அவ்வளவுதான். ஃபார்முலா ஒன் காரில் ஸ்டியரிங்கின் மேல் விளிம்பில் வரிசையாக எரியும். 2014-இல் வந்த விதிப்படி அந்த எஞ்சின்கள் நிமிடத்துக்கு 15,000 சுற்று வரை போகலாம். அந்த வேகத்தில் சுற்றைக் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தால் எதிரே சுவர் வந்துவிடும். என் காரில் பார்ப்பதற்கு அந்த முள்ளே கிடையாது. 796 சிசி, மூன்று சிலிண்டர், ஏறக்குறைய 40 குதிரைத்திறன். அந்தக் குதிரைகள் என்ன வேகத்தில் ஓடுகின்றன என்று இதுவரை யாரும் விசாரித்ததில்லை.

ரெடிமேடாக வாங்கலாமே என்று விலை கேட்டேன். அந்தப் பணத்துக்கு வண்டிக்கு ஒரு ஜோடி டயர் போடலாம். டயர் போடவும் பணமில்லாததால், நாமே செய்துவிடுவது என்று முடிவாயிற்று.

சென்னையில் எலக்ட்ரானிக் சாமான் என்றால் ரிச்சி தெரு. 555 ஐசி, எல்எம்358, ஜீனர் டயோடு, பிரிசெட், சில ரெசிஸ்டர், கெபாசிட்டர், ஒரு சிவப்பு எல்இடி என்று சீட்டை நீட்டினேன். கடைக்காரர் சீட்டையும் என் நரைத்த தலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பையனோட காலேஜ் ப்ராஜெக்டா சார்?" என்றார். "ஆமாம்" என்றேன். சில உண்மைகளைச் சொல்வதற்கு ஒரு வயது இருக்கிறது. அது எனக்குத் தாண்டிவிட்டது.

இந்த 555, ஹான்ஸ் காமென்சிண்ட் வடிவமைத்தது; 1972-இல் விற்பனைக்கு வந்தது. மாருதி 800 சாலைக்கு வந்தது 1983-இல். ஆக, ஐசி காருக்கு அண்ணன் முறை. தம்பியின் துடிப்பை அண்ணன் எண்ணப்போகிறான் என்பதில் எனக்கு ஒரு திருப்தி.

எண்ணுவது இப்படி. என்னுடையது டிஸ்ட்ரிபியூட்டர் வைத்த பழைய கார்புரேட்டர் வண்டி. நான்கு ஸ்ட்ரோக், மூன்று சிலிண்டர் என்பதால் எஞ்சின் இரண்டு சுற்று சுற்றினால் மூன்று தீப்பொறி. 3000 சுற்றென்றால் நிமிடத்துக்கு 4500, அதாவது நொடிக்கு 75 பொறி. ஒவ்வொரு பொறிக்கும் இக்னிஷன் காயிலின் நெகடிவ் முனையில் ஒரு துடிப்பு வரும். அதை 555 வாங்கி ஒரே அகலத்தில் வெட்டி அனுப்பும். கெபாசிட்டர் அவற்றைச் சேர்த்து ஒரு வோல்டேஜாக்கும். சுற்று கூடக் கூட வோல்டேஜ் ஏறும். பிரிசெட்டில் நாம் திருகி வைத்த அளவைத் தாண்டியதும் எல்எம்358 விளக்கைப் போடும். காயில் முனையில் சில நூறு வோல்ட் எகிறும் என்பதால் நடுவில் பெரிய ரெசிஸ்டரும் ஜீனரும் கட்டாயம். இல்லாவிட்டால் தம்பி ஒரே உதையில் அண்ணனை முடித்துவிடுவான்.

சரி, விளக்கு நான் நினைத்த 4000 சுற்றில்தான் எரிகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒப்பிட்டுப் பார்க்க முள் இல்லை. இங்கேதான் வீட்டுக் கரண்ட் கைகொடுத்தது. எங்கள் தெருவில் வோல்டேஜ் இஷ்டப்படி ஏறும், இறங்கும். ஆனால் ஹெர்ட்ஸ் 50-ஐ விட்டு அதிகம் நகராது. பழைய எலிமினேட்டரிலிருந்து ஒரு டிரான்ஸ்ஃபார்மரை எடுத்து, நான்கு டயோடு பிரிட்ஜ் வழியாக விட்டால் நொடிக்கு 100 துடிப்பு. நிமிடத்துக்கு 6000. மூன்று சிலிண்டர் எஞ்சினுக்கு அது மிகச் சரியாக 4000 சுற்று! மூன்று சிலிண்டர் கார் வாங்கியதற்காக வாழ்க்கையில் முதல்முறையாகப் பெருமைப்பட்டேன்.

"காரோட விளக்கை எதுக்குங்க வீட்டு பிளக்குல சொருகறீங்க?" என்றாள் மனைவி.

"நாலாயிரத்துல ஓட்டிப் பார்க்கிறேன்."

"ஹாலுலயா?"

பிரிசெட்டைத் திருகினேன். எரிந்தது. கார் வாசலில் சாதுவாக நின்றிருந்தது.

சாலையில்தான் சங்கடம். கிண்டியிலிருந்து சைதாப்பேட்டை வரை விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை. 4000 சுற்றைத் தொட நான் சம்மதித்தால் போதாது, முன்னால் போகும் பேருந்தும் சம்மதிக்க வேண்டும். பாதை கிடைத்த ஒரு நாளில் எரிந்தது. பக்கத்தில் என் மாமியார். "மாப்பிள்ளை, செவப்பா என்னமோ எரியுது, ஓரங்கட்டுங்க" என்றார். கியரை மாற்றினேன், அணைந்தது. "ஒண்ணுமில்ல அத்தை." அடுத்த கியரிலும் எரிந்தது. மூன்றாவது தடவை அவர் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு ஆட்டோவில் போனார்.

பந்தயத்தை அன்றே கைவிட்டு, அதே விளக்கை பெட்ரோல் மிச்சத்துக்கு மாற்றினேன். பிரிட்ஜுக்குப் பதில் ஒரே டயோடு விட்டால் நொடிக்கு 50 துடிப்பு, அதாவது 2000 சுற்று. அதற்குச் சற்று மேலே வைத்தால் போதும். இந்த எஞ்சினின் இழுவை உச்சமே 2500 வாக்கில்தான். அதற்கு மேல் முறுக்குவதில் பெட்ரோல் பங்குக்குத்தான் லாபம். சிவப்பைக் கழற்றிப் பச்சை போட்டேன்.

மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு சுற்றுக் காட்டினேன். அவர் விளக்கைப் பார்க்கவில்லை, என் இடது கையைப் பார்த்தார். "நல்லாத்தான் சார் இருக்கு. ஆனா லைட்டு வர்றதுக்கு முன்னாடியே நீங்க கியர மாத்திடறீங்களே, சத்தத்த வெச்சே!" என்றார். விளக்கு வேலை செய்யவில்லை என்று இதற்குப் பொருள் இல்லை. நான் அதற்கு வேலை கொடுக்கவில்லை.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தை. ஃப்யூஸ் இல்லாமல் கார் ஒயரில் எதையும் இணைக்காதீர்கள். 230 வோல்டை டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நெருங்காதீர்கள். சிவப்பு வேண்டாம், அது ஆயில் விளக்கின் நிறம், கலவரம் உண்டாக்கும். கடைசியாக, விளக்கை அணைக்க ஒரு சின்ன சுவிட்ச் வையுங்கள். மாமியார் ஏறுவதற்கு முன்பே அதைத் தட்டிவிடுங்கள். ஆட்டோ செலவு மிச்சம்.