யாருக்காவது செராய் வேண்டுமா?

கிள்ளானில் இருக்கும் எங்கள் பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டு வெறுங்கையோடு திரும்ப முடியாது. பழைய நாளிதழில் சுருட்டிய செராய்க் (எலுமிச்சைப்புல்) கட்டு ஒன்று கைக்கு வந்துவிடும். "இலையப் பிடிச்சு உருவாதே, கைய அறுத்துடும்" என்ற எச்சரிக்கையும் கூடவே வரும். நிஜமாகவே அறுக்கும். கொமுட்டர் ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் வந்து சேர்வதற்குள் பக்கத்து இருக்கைக்காரருக்குத் தோம்யாம் ஞாபகம் வந்து பசி எடுத்துவிடும்.

என் தங்கை மகளுக்கு இந்தச் செராய் இளக்காரம். மெல்பர்னில் படித்துவிட்டு வந்தவள். "மாமா, லெமன் வெர்பீனா டீ குடிச்சிருக்கீங்களா?" என்று ஆரம்பித்தாள். தென் அமெரிக்காவில் பிறந்து, 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய புதர் அது. அங்கே குளிர்காலத்தில் இலையெல்லாம் கொட்டிவிட்டு, வசந்தத்தில் மறுபடி துளிர்க்கும். பிரிக்பீல்ட்ஸ் ஐந்தாவது மாடியில் குளிர்காலத்துக்கு நான் எங்கே போவேன்? செடியை ஏர்கோன் அறையில் வைக்கலாமே என்றாள். கரண்டு பில்லை எடுத்துக் காட்டினேன்.

விடவில்லை. சுங்கை பூலோ நர்சரிகளுக்குப் போனாள். 1930இல் திறந்த தொழுநோயாளர் குடியிருப்பில் வாழ்ந்தவர்கள் பிழைப்புக்காக வளர்த்தெடுத்த செடி வியாபாரம் அது. கிள்ளான் பள்ளத்தாக்கில் பாதி வீட்டுப் பூந்தொட்டிகளுக்குப் பிறந்த வீடு அதுதான் என்பேன். அங்கே ஒருவர், "எலுமிச்சை வாசம்தானே வேணும்?" என்று கேட்டு, ஒரு தொட்டி செராயை அவள் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். அவர் சொன்னது வேதியியல்படியும் சரிதான். இரண்டுக்கும் அந்த வாசனையைத் தருவது சிட்ரால் என்ற ஒரே சரக்கு.

இப்படியாக என் பால்கனியில் செராய் குடியேறியது. அதை வளர்க்கத் திறமை எதுவும் வேண்டாம். பசாரில் வாங்கிய தண்டில் அடிக்கட்டை மட்டும் மிச்சம் இருந்தால் போதும்; கண்ணாடிக் குவளையில் இரண்டு விரல் தண்ணீரில் நிறுத்தினால் சில நாளில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும். பூப்பது அபூர்வம், அதனால் விதைக்கு வழியில்லை. தூரைப் பிரித்தும் நடலாம். குடும்பச் சொத்து பங்கு போடப் போடக் குறையும். இது பங்கு போடப் போடப் பெருகும். யாரும் வழக்குப் போடுவதும் இல்லை.

அறுவடையில் ஒரு நுணுக்கம் உண்டு. வெளிவரிசைத் தண்டை அடியோடு பிடித்து அறுக்க வேண்டும், நடுக்குருத்தைத் தொடக்கூடாது. காய்ந்த மட்டையை உரித்தால் வெளிர்ப்பச்சையும் வெள்ளையுமாக ஒரு சாண் தேறும். சம்பாலுக்கு அதை மெல்லியதாக அரிந்து மிளகாயோடு அரைக்கலாம். கோழிக்கறிக்கு என்றால் கத்திப் பிடியால் ஒரு தட்டுத் தட்டி முழுசாகவே போடுவோம். விருந்துக்கு வந்த புது மாப்பிள்ளை ஒருவர் அதை எலும்பென்று நினைத்து வாயில் போட்டுக்கொண்டு, துப்பக் கூச்சப்பட்டு, பாயசம் வரும் வரை மென்றுகொண்டிருந்தார். மிஞ்சும் இலையை முடிச்சாகக் கட்டி இஞ்சியோடு கொதிக்கவிட்டால் தேநீர். வெர்பீனாக்காரி இப்போது அதைத்தான் குடிக்கிறாள்; பெயரை மட்டும் கேட்காதீர்கள்.

செராய் இருந்தால் பாம்பு வராது, கொசுவும் வராது என்பார்கள். ஐந்தாம் மாடிக்கு லிப்டில் ஏறி வரும் பாம்பை நான் பார்த்ததில்லை. கொசு வருகிறது. இலையைக் கசக்கினால்தான் எண்ணெய் வெளிவரும். சும்மா நிற்கும் செடி கொசுவுக்கு நல்ல நிழல். கொசு விரட்டப் பேர்போனது இதன் பங்காளியான செராய் வாங்கி. செந்தண்டுக்காரன், சமையலுக்கு ஆகாது. இதைவிடப் பெரிய வேடிக்கை, தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு. அதில் தேங்கும் தண்ணீரில் ஏடிஸ் புழு நெளிந்தால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீதிமன்றம் போகாமலே 500 வெள்ளி வரை அபராதம். கொசு விரட்ட வைத்த செடிக்குக் கொசு வளர்த்த தண்டம்! நான் தட்டில் மணலைக் கொட்டிவிட்டேன்.

செராய் அடங்கவில்லை. ஒரு கட்டை எதிர்வீட்டு மாக்சிக்குக்குக் கொடுக்கலாமென்று கதவைத் திறந்தால், அவர் கையில் ஒரு கட்டோடு என் வாசலில் நிற்கிறார். இருவரும் மாற்றிக்கொண்டோம்.

போன மாதம் கொசுப்புழு சோதனைக்கு வந்த தம்பி டார்ச் அடித்துத் தட்டைப் பார்த்தார். மணல். திருப்தியாக எழுதிக்கொண்டார். இதுதான் சமயமென்று ஒரு கட்டை நீட்டினேன்.

"ஐயையோ வேணாம்ணே, எங்க வீட்டுல ரெண்டு புதர் நிக்குது" என்று பின்வாங்கியவர், படி இறங்கும்போது திரும்பிக் கேட்டார்: "உங்களுக்குப் பாண்டான் இலை வேணுமா?"