அட்லாண்டிக் கரையில் கலிஃபோர்னியா

பசிபிக் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டையும் பெர்க்லியையும் 2023 செப்டம்பர் முதல் தேதியன்று அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸில் (ஏ.சி.சி.) சேர்த்துக்கொண்டார்கள். கூடவே, எந்தக் கடலும் எட்டிப் பார்க்காத டல்லாஸ் நகரத்து சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தையும். நோபல் பரிசுக்காரர்கள் நடமாடும் வளாகங்களில் தேசப்படம் பார்க்கத் தெரிந்தவர் ஒருவருமா இல்லை? இருந்திருப்பார்கள். அவர்களை யார் கேட்டது?

கான்ஃபரன்ஸ் என்பது அக்கம்பக்கத்துக் கல்லூரிகள் தங்களுக்குள் ஆடிக்கொள்ள அமைத்த லீக். மேற்குக் கரை லீக்கின் வேர் 1915இல் இருக்கிறது. நடுவில் ஒருமுறை கலைந்து, வேறு பெயரில் கூடி, கடைசியில் பேக்-12 ஆயிற்று. இரண்டு உலகப் போர்களைப் பார்த்த அந்த மரபு, டிவிக்காரர்கள் பணப்பையைக் குலுக்கிய சத்தத்திலேயே சரிந்துவிட்டது.

சரிந்த விதம் ரசமானது. 2021இல் டெக்சஸும் ஓக்லஹோமாவும் எஸ்.இ.சி. லீக் பக்கம் தாவப்போவதாகச் சொன்னதும் மற்ற லீக்குகளுக்கு வயிற்றைக் கலக்கியது. ஆகஸ்டில் பிக் டென், ஏ.சி.சி., பேக்-12 மூன்றும் சேர்ந்து கூட்டணி அறிவித்தன. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் எதுவும் இல்லை. பெரிய மனிதர்களுக்குள் காகிதம் எதற்கு? பத்து மாதம் கழித்து, 2022 ஜூன் 30 அன்று, லாஸ் ஏஞ்சலிஸின் யு.எஸ்.சி.யையும் யு.சி.எல்.ஏ.வையும் கூட்டாளியின் வீட்டிலிருந்தே பிக் டென் தூக்கிக்கொண்டது. அடுத்த சில வாரங்களில் ஃபாக்ஸ், சி.பி.எஸ்., என்.பி.சி. நிறுவனங்களோடு ஏழாண்டு ஒப்பந்தம். 700 கோடி டாலருக்கு மேல் என்றன செய்திகள். கட்சி தாவும் அரசியல்வாதி ‘தொகுதி நலன்’ என்று கூசாமல் சொல்வான். இவர்கள் சொன்னது ‘மாணவர் நலன்’.

2023 ஆகஸ்ட் 4 அன்று ஒரே நாளில் ஐந்து கல்லூரிகள் பேக்-12இலிருந்து வெளியேறின. ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் முதல் ஏழாண்டுகளுக்கு டிவிப் பணத்தில் ஏறத்தாழ 30 சதவீதப் பங்கே போதும் என்று ஏ.சி.சி.யில் நுழைந்தன. சதர்ன் மெதடிஸ்ட் இன்னும் பெருந்தன்மை: ஒன்பதாண்டுகளுக்கு டிவிப் பணமே வேண்டாமாம். இலையில் சோறு விழாவிட்டாலும் பந்தியில் உட்கார்ந்த பெருமை போதும்! யு.சி.எல்.ஏ. ஓடிப்போனதால் நொடித்த பெர்க்லிக்கு அது மூன்றாண்டுகள், ஆண்டுக்கு 1 கோடி டாலர் ஜீவனாம்சம் தர வேண்டும் என்று 2024இல் முடிவானது. இரண்டுமே ஒரே அரசுப் பல்கலைக்கழகத்தின் வளாகங்கள்.

இவ்வளவும் அமெரிக்கன் ஃபுட்பாலுக்காக. அந்த அணி வாரத்துக்கு ஒருநாள் ஆடும். தனி விமானத்தில் போய் வரும். ஆனால் தாவிய கல்லூரியின் பின்னால் வாலிபால் பெண்ணும் சாஃப்ட்பால் பெண்ணும் இழுபட வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து நியூஜெர்சியின் ரட்கர்ஸுக்குப் பறந்து, மூன்று மணி நேரம் முந்தி ஓடும் கடிகாரத்தில் ஆடித் திரும்பி, மறுநாள் வேதியியல் தேர்வு எழுத வேண்டும். அவளுடைய தூக்கத்துக்கு எந்த ஒப்பந்தத்திலாவது ஒரு வரி உண்டா?

அதே 2023இல் அமலில் இருந்த ஒரு விதியைக் கேளுங்கள். இளநிலை மாணவன் இரண்டாம் முறையாகக் கல்லூரி மாறினால், சிறப்பு அனுமதி கிடைக்காதவரை ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டும். அவன் நிலையாக ஓரிடத்தில் படிக்க வேண்டும் என்ற அக்கறையாம்! டிசம்பரில் நீதிமன்றம் தலையிட்டுத்தான் அந்த அக்கறையை நிறுத்தியது. தாவிய தலைவர்களில் ஒருவரும் ஒரு நாள்கூட உட்காரவில்லை. ஊதியமும் வாங்கினார்கள்.

யாரும் சீண்டாமல் மிஞ்சியவை ஓரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும். இரண்டே பேர் கொண்ட பேக்-12. அவர்களுக்காக நானும் பரிதாபப்பட்டேன். ஆட எதிரணி இல்லாமல் நின்றவர்களுக்கு மவுன்டன் வெஸ்ட் லீக் 2024க்கான ஆட்டங்களை ஒதுக்கிக் கொடுத்தது. தன் கல்லூரிகளை இழுத்தால் தண்டம் என்று ஒப்பந்தத்தில் எழுதியும் வைத்தது. 2024 செப்டம்பரில் அதே மவுன்டன் வெஸ்டிலிருந்து ஐந்து கல்லூரிகளை பேக்-12 கொத்திக்கொண்டது. 5.5 கோடி டாலர் தண்டம் கேட்டதும், அப்படிக் கேட்பதே சட்டவிரோதம் என்று நீதிமன்றம் போனது. ஓராண்டுகூட ஆகாத ஒப்பந்தம் அது. பழைய கூட்டணியைப் போல் இல்லை, இதில் கையெழுத்து இருந்தது.