இமையவர்க்கு ஒரு வைத்தியம்

கண் இமைக்காதவர்கள் என்று தேவர்களுக்கு இமையவர் எனப் பெயரிட்ட தமிழ் மரபு, நிமிடத்துக்குச் சுமார் 15 முறை இமைத்துக்கொண்டிருந்த மனிதனைத் திறன்பேசி ஏறத்தாழ அந்த நிலைக்கே உயர்த்தும் என்று எதிர்பார்த்திருக்காது. இந்தப் பதவி உயர்வுக்குக் கிடைக்கும் சன்மானம் உலர்கண். அதாவது, இமைக்கும்போதெல்லாம் பிதுங்கிவர வேண்டிய மைபோமியன் சுரப்பிகளின் எண்ணெய், இமையோரத்திலேயே உறைந்த நெய்போல் அடைத்துக்கொள்ள, மேற்பூச்சு இழந்த கண்ணீர் விரைவில் ஆவியாகிவிடுவது.

இதற்கான எளிய வைத்தியங்களாகிய வெந்நீர் ஒத்தடமும் இமைத்தலும் செலவில்லாதவை என்ற பெருங்குறை உடையவை ஆதலால், தோலின் சிவப்பையும் வேண்டாத முடியையும் போக்கப் பயன்பட்டுவந்த தீவிரத் துடிப்பொளி (Intense Pulsed Light), 2021-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அனுமதியோடு உலர்கண்ணுக்கும் வந்து சேர்ந்தது மிகப் பொருத்தமே. திரை வெளிச்சம் தந்ததை வெளிச்சமே தீர்ப்பது முள்ளை முள்ளால் எடுக்கும் நீதியன்றோ!

கண்ணுக்கான இந்த ஒளியைக் கண் மட்டும் பார்த்துவிடலாகாது என்று, கண்ணைக் கவசத்தால் மூடி, கன்னத்தில் குளிர்ந்த ஜெல் தடவி, இமைக்குக் கீழே பளிச் பளிச்சென்று பாய்ச்சுகிறார்கள். கருமையான தோல் இவ்வொளியை மிகுதியாக உறிஞ்சிப் புண்படும் என்பதால் நன்கு கறுத்தவர்களுக்கு இது பொதுவாக மறுக்கப்படுகிறது. அவர்கள், பாவம், இமைத்தே பிழைக்க வேண்டியிருக்கிறது.

மற்றவர்கள் கால்மணி நேரம் கண்மூடிக் கிடந்து, கவசம் கழன்றதும், அடுத்த அமர்வின் தேதியைக் குறிக்கத் திறன்பேசியை எடுத்து இமைக்காமல் பார்க்கிறார்கள்.