ஊரார் வீட்டு நெய்

ஆப்கன் போரை முடித்துவைக்க 2020 பிப்ரவரி 29 அன்று தோஹாவில், கத்தாரின் உபசாரத்தில், ஒப்பந்தம் கையெழுத்தானது. அமெரிக்கா சார்பில் கலில்சாத், தாலிபான் சார்பில் முல்லா பராதர். ஆப்கன் அரசு? அது அந்த ஒப்பந்தத்தில் ஒரு தரப்பே இல்லை. ஆனால் அதன் சிறைகளில் இருந்த தாலிபான் கைதிகளில் 5,000 பேர் வரை விடுதலையாவார்கள் என்று வாக்குக் கொடுத்தது வாஷிங்டன். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

வாசகம் அதைவிட ருசி. 'அமெரிக்கா ஒரு நாடாக அங்கீகரிக்காத, தாலிபான் என அறியப்படும் ஆப்கானிஸ்தான் இஸ்லாமிய எமிரேட்' என்று பெயர் வரும் இடமெல்லாம் விடாமல் எழுதியிருக்கிறார்கள். ஆளுக்கு அங்கீகாரம் இல்லை. கையெழுத்து மட்டும் செல்லும்.

போட்டது லீப் நாளில். அடுத்த பிப்ரவரி 29 வருமுன்பே, 2021 ஆகஸ்ட் 15 அன்று, அங்கீகாரமற்ற அந்த எமிரேட் காபூலுக்குள் நுழைந்தது. தோஹாவுக்கு அழைக்கப்படாத அதிபர் அஷ்ரஃப் கனி அன்றே நாட்டைவிட்டுக் கிளம்பினார்.