மூன்று மில்லிமீட்டர்

ஆம்பூர், வேலூர் பக்கம் அரை மில்லிமீட்டருக்கு மரியாதை கொடுப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. ஷூ கம்பெனியில் பேட்டர்ன் துளி நகர்ந்தாலும் ஷூவின் முகம் கோணிக்கொள்ளும். அப்படிப்பட்ட கண்ணும் கையும் உள்ளவருக்கு ரயில் பைத்தியமும் பிடித்தால், மாடல் இன்ஜின் செய்பவர் உருவாகிவிடுகிறார். கடையில் கிடைப்பவை பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க இன்ஜின்கள். ஆம்பூர் வழியாகப் பல காலம் ஓடிய டபிள்யூஏபி-4 மின்சார இன்ஜின் வேண்டுமென்றால், வெளிநாட்டு மாடலிலிருந்து மோட்டாரையும் சக்கரங்களையும் கழற்றிக்கொண்டு, மேல்கூட்டை பிளாஸ்டிக் ஷீட்டில் தானே வெட்டி ஒட்ட வேண்டியதுதான். கைப்பிடிக்கு கிட்டார் கம்பி, காற்றுச் சல்லடைக்கு டீ வடிகட்டியின் வலை. வீட்டில் வடிகட்டி காணாமல் போனால் விசாரணை எங்கே தொடங்கும் என்று சொல்லத் தேவையில்லை.

முடிந்த இன்ஜினைப் பார்த்து "அச்சு அசல்!" என்று யாராவது சொன்னால் அவர் முகம் சுருங்கும். கைப்பிடியின் வளைவு சரியில்லையாம், சிவப்பு ஒரு சாயல் தூக்கலாம். ஊர் இதைக் கலைஞனின் பிடிவாதம் என்கிறது. எனக்கென்னவோ இது குற்ற உணர்வாகத்தான் படுகிறது. நம் அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். மாடலின் அளவான 87-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 19.3 வரவேண்டும். கடையில் கிடைக்கும் தண்டவாளமோ 16.5. அது 1435 மில்லிமீட்டர் அகல வெளிநாட்டுப் பாதைக்கான கணக்கு. ஆக, திருகாணியின் தலைக்குக்கூட கணக்குப் பார்க்கும் மனிதரின் இன்ஜின், கால் இரண்டையும் இடுக்கிக்கொண்டு ஓடுகிறது. அடியில் மூன்று மில்லிமீட்டர் பொய். மேலே அதற்கு வட்டியும் முதலுமாக நேர்மை. இதற்கு, நம் பாதையின் அகலம் முடிவானபோது கவர்னர் ஜெனரலாக இருந்த டல்ஹவுசியைத் திட்டியும் பயனில்லை. அவர் கேட்டது ஆறடி, கிடைத்தது ஐந்தரை. கேட்டபடியே கிடைத்திருந்தால் பாக்கி நாலரை மில்லிமீட்டராகியிருக்கும்.

"தண்டவாளத்தையும் கையாலேயே போடலாமே?" என்று கேட்கலாம். போடலாம்தான். பிரிட்டனில் 76-இல் ஒரு பங்கு இன்ஜினையும் இதே 16.5-இல்தான் ஓட்டுகிறார்கள், பொறுக்காத சிலர் 18.83 என்று தனிப்பாதையே வகுத்துக்கொண்டார்கள். ஆனால் அப்புறம் ஒவ்வொரு அச்சையும் நீட்டவேண்டும், பாயின்ட் ஒவ்வொன்றையும் ராவவேண்டும். எல்லாம் முடிந்தபின் நண்பர் ஆசையாகக் கொண்டுவரும் இன்ஜின் அதில் ஏறாது. "எல்லாப் பொழுதுபோக்கிலும் இப்படித் திருப்தியே அடையாத சிலர் உண்டு, பாதையின் கேஜ் என்ன செய்யும்?" என்பது அதைவிட வலுவான ஆட்சேபம். அதற்கு என் சாட்சி மீட்டர்கேஜ்காரர். காட்பாடி–விழுப்புரம் பாதை மீட்டர்கேஜாக, வேலூர் கண்டோன்மென்ட் வழியே ஓடிய காலத்து இன்ஜினைச் செய்பவர் அவர். ஆயிரம் மில்லிமீட்டரைச் சுருக்கினால் 11.5, கிடைக்கும் தண்டவாளம் 12. உறுத்தலும் அரை மில்லிமீட்டர்தான். மனிதர் இன்ஜினை முடித்து, பெயின்ட் அடித்து, ஓட்டியும் பார்த்துவிடுகிறார். அகலப்பாதைக்காரர் அடுத்த கிட்டார் கம்பியை வாங்கக் கிளம்புகிறார்.