உடைந்தது கண்ணாடிதானே?

லம்போர்கினி கவுன்டாஷின் கதவுக் கண்ணாடி உடைந்துவிட்டால், வேறு கார் கண்ணாடியை வாங்கி வெட்டிப் பொருத்தக் கூடாதா?

வெட்டலாம், பொடியை அள்ள முறமும் தயாராக இருக்கட்டும்! கதவுக் கண்ணாடியைப் பொதுவாகச் சூடாக்கி, சட்டென்று குளிரவைத்து உறுதியாக்குகிறார்கள். அதன்பின் வெட்டினால் மொத்தமும் நொறுங்கும். முதலில் வெட்டு, பிறகு வளைவு, கடைசியில்தான் உறுதி. இந்த வரிசையை மாற்ற முடியாது.

மெர்சிடிஸ் 300 எஸ்எல் காரில் கதவே மேலே பறக்கிறதே, கண்ணாடி எப்படி இறங்கும்?

இறங்காது, கழன்று வரும்! இருக்கைக்குப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். 1954 முதல் 1957 வரை செய்த இந்தச் சிறகுக் கதவுக் கார்கள் 1,400தான். கழற்றும் கைக்கு நிதானம் வேண்டும்.

டெலோரியன் காரில் ஜன்னல் ஏன் இத்தனை சின்னது?

வளைந்த பெரிய கண்ணாடி இறங்க அந்தக் கதவுக்குள் இடம் ஏது? அதனால் ஒரு சிறு பகுதி மட்டும் திறக்கும். சுங்கச்சாவடியில் சில்லறை நீட்ட அது போதும்.

ஃபெராரி எஃப்40 காரில் ஜன்னல் பிளாஸ்டிக்காமே?

ஆரம்பத்தில் வந்தவற்றில் ஆமாம், எடையைக் குறைக்க! நொறுங்கும் பயம் குறைவு, கீறல் பயம் அதிகம்.

புதுக் கண்ணாடி கிடைத்துவிட்டது. உடனே மாட்டிவிடலாமா?

பழையது முழுவதும் வெளியே வந்துவிட்டதா? கதவுக்குள் சிதறிய துகள்களை உறிஞ்சி எடுத்த பிறகே மாட்டுங்கள். ரப்பரில் ஒரு துகள் ஒளிந்திருந்தாலும், அரும்பாடுபட்டுத் தேடிய கண்ணாடியில் முதல் நாளே கோடு விழும்.